விமானம் தாமதமா? இழப்பீடு கேட்பது இப்படித்தான்

விமானம் தாமதமானால் ஒரு சாப்பாட்டுக் கூப்பனைக் கையில் கொடுப்பார்கள், நாமும் வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவோம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி தனியாக ஒரு தொகையும் வர வேண்டியிருக்கலாம். அது கேட்டால்தான் வரும்.

முதலில், உங்கள் பயணம் இந்த விதிக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானம் என்றால், எந்த நாட்டு நிறுவனமானாலும் பொருந்தும். வெளியிலிருந்து உள்ளே வரும் விமானம் என்றால், ஐரோப்பிய நிறுவனம் இயக்கியிருக்க வேண்டும். டிக்கெட் விற்றவரிடம் கேட்டுப் பயனில்லை, விமானத்தை இயக்கியவரிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்து நேரம். போய்ச் சேர்வதில் 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதம் இருக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொட்ட நேரம் கணக்கில்லை. கதவு திறந்த நேரம்தான் கணக்கு என்று 2014-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் விமானம் தரையிறங்கியபோது தாமதம் 2 மணி 54 நிமிடம். கதவு திறக்க இன்னும் 11 நிமிடம் ஆனது. எல்லோரும் பெட்டியை இறக்கும் அவசரத்தில் இருக்க, நான் போனைத் தூக்கிக் கதவைப் படம் எடுத்தேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரிதான் பார்த்தார்.

விமானத்தையே ரத்து செய்து, அதை 14 நாளுக்கும் குறைவான அவகாசத்தில் சொல்லியிருந்தாலும் கேட்கலாம். ஆனால் கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு மாற்று விமானம் கொடுத்திருந்தால் கிடைக்காமல் போகலாம்.

அப்புறம் காரணம். சண்டையே இங்கேதான். மோசமான வானிலை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் என்றால் இழப்பீடு இல்லை. வழக்கமான இயந்திரக் கோளாறு, நிறுவனத்தின் சொந்த ஊழியர்களின் வேலைநிறுத்தம் என்றால் பொதுவாக உண்டு. ஆகவே கவுன்ட்டரிலேயே காரணத்தைக் கேளுங்கள், சொன்னதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் காரணம் மாறிவிடும்!

தொகை தூரத்தைப் பொறுத்தது: 1,500 கி.மீ. வரை 250 யூரோ, 3,500 வரை 400, அதற்கு மேல் 600. ஒன்றியத்துக்குள்ளேயே பறந்தால் 400-க்கு மேல் போகாது. 3,500-ஐத் தாண்டிய பயணத்தில் தாமதம் 4 மணிக்குள் என்றால் பாதியாகக் குறைக்கலாம். டிக்கெட்டை 30 யூரோவுக்கு வாங்கியிருந்தாலும் கணக்கு இதுதான்.

சரி, இப்போது எழுதுங்கள். நிறுவனத்தின் இணையதளத்திலேயே படிவம் இருக்கும். புலம்பல் வேண்டாம், இவ்வளவு போதும்: “இந்தத் தேதியில், இந்த எண் விமானத்தில் பயணித்தோம். வர வேண்டிய நேரம் இது, கதவு திறந்த நேரம் இது. 261/2004 விதிப்படி ஆளுக்கு 250 யூரோ கோருகிறோம்.” கூடவே பிஎன்ஆர், பயணிகள் எல்லோரின் பெயர், போர்டிங் பாஸ், வங்கிக் கணக்கு. வவுச்சர் தருகிறோம் என்பார்கள். நீங்கள் கையெழுத்திட்டுச் சம்மதித்தால் ஒழிய, பணமாகத்தான் தர வேண்டும்.

எனக்கு முதலில் வந்தது “அசாதாரண சூழ்நிலை” என்ற ஒற்றை வரி மறுப்பு. என்ன சூழ்நிலை, ஆதாரம் எங்கே என்று திருப்பிக் கேட்டேன். அதை நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு. கதவுப் படத்தையும் இணைத்தேன். ஏழாவது வாரம் பணம் வந்தது. உங்களுக்கு அப்படிக் கேட்டும் மறுத்தால், விமானம் கிளம்பிய நாட்டின் (ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தது என்றால், வந்து சேர்ந்த நாட்டின்) பயணிகள் உரிமை அமைப்பிடம் புகார் செய்யலாம். வாங்கித் தருகிறோம் என்று வரும் ஏஜென்சிகள் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள், அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருந்தபோது சாப்பிட்டது, தங்கியது எல்லாம் வேறு கணக்கு. வானிலையே காரணமானாலும் அந்தச் செலவு நிறுவனத்தைச் சேர்ந்தது. பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.