அலமாரியில் பூட்டி வைத்த எஸ்எஸ்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சொந்தக்காரர்கள் பலர் இப்போது பழைய கல்யாண வீடியோ, உம்கெனி ரோடு கோவில் தீமிதிப் படங்கள், 1860க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த முன்னோரின் தாள்கள் என்று எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுகிறார்கள். நல்ல வேலை. ஆனால் பத்து வருஷத்துக்கு முன் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

எஸ்எஸ்டியைக் காப்பகம் என்று நம்புவது

ஆயா தன் அம்மா கரும்புத் தோட்டத்தில் பட்ட பாட்டைச் சொன்ன பேச்சு, இரண்டு தாலாட்டு, எல்லாம் ஒரு கேசட்டில் இருந்தன. கணினிக்கு மாற்றி, பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய எஸ்எஸ்டியில், அதாவது சிப்பில் தகவல் சேமிக்கும் டிரைவில் போட்டு, கூரையை ஒட்டிய மேல்தட்டில் வைத்தேன். அதில் அசையும் பாகம் இல்லை, விழுந்தாலும் உடையாது, அதனால் காலத்துக்கும் நிற்கும் என்று நினைத்தேன். கேசட்டைக் குப்பையில் போட்டுவிட்டேன். நான்கு வருஷம் கழித்துச் செருகினால் கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. பாதிக்கு மேல் திறக்கவில்லை. ஆயா அதற்குள் போய்விட்டார்.

எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாமே தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைப்பவை. சும்மா கிடந்தால் அது மெல்லக் கசியும். வெப்பத்தில் இன்னும் வேகமாக. எழுதி எழுதி ஆயுள் முடிந்த வீட்டு எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் 1 வருஷம் தகவலைக் காத்தால் போதும் என்பதுதான் சிப் தொழிலின் தர அமைப்பான ஜெடெக் வகுத்த தரநிலை. புதியது கூடுதலாகத் தாங்கும். ஆனால் நம் ஆட்கள் அலமாரிக்கு அனுப்புவது பழசைத்தானே! இதைக் கேட்டும் "விலை கூடினதாச்சே" என்று வாதாடுகிறவர்களைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வரும்.

ஹார்ட் டிஸ்க் காந்தத்தில் எழுதுவது, இப்படிக் கசியாது. இரண்டு வாங்குங்கள், வேறு வேறு கம்பெனியில். அவ்வப்போது எடுத்து ஓட்டிப் பாருங்கள். ஐந்து வருஷம் ஆனதும் புதியதற்கு மாற்றிவிடுங்கள்.

சாதாரண டிவிடி

வீட்டில் எழுதும் டிவிடியில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில். வெளுக்கும்.

எல்லாப் பிரதியும் ஒரே வீட்டில்

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எத்தனையோ வீடுகள் இடிந்தன. வீடே போனால் அலமாரியில் மூன்று டிஸ்க் இருந்தும் பயனில்லை. ஒன்றை ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அக்கா வீட்டில் கொடுத்து வையுங்கள்.

மூலத்தை எறிவது

எறியாதீர்கள். போன வாரம் மாமா மகள் ஒரு பெட்டி விஎச்எஸ் கேசட்டை வீசப் போனாள். வாங்கி வந்து என் அறையில் வைத்திருக்கிறேன்.