முதல் மூன்று நிமிடத்தில் கோட்டை விடுகிறோம்

போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் ஒரு மாடியறையில், தம்பிகள் எடுத்த ஆறு குறும்படங்களைப் போட்டுக் காட்டினார்கள். அதில் நாலு த்ரில்லர். நாலிலும் முதல் ஷாட் ஆகாயத்திலிருந்து பிரெஞ்சுக்காரர் காலத்து ஒயிட் டவுன், நாலிலும் பின்னால் 'ட்ட்டொம்ம்' என்று ஓர் உறுமல். 2018-ல் கடலூரில் என் குறும்படத்தை எடுத்தபோது நான் அடித்த அதே கூத்து. ஃபோகஸ் போனது, லென்ஸில் தூசி இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. பெரிய திரையில் ஒருமுறை பார்த்தால் வெட்கத்தில் தானாகத் திருந்திவிடும்.

ட்ரோன் ஷாட்

வேண்டாம். அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு என்ன பயம்?

கேமராவை ஆட்டுவது

ஓடுகிறவன் பின்னால் கேமராவும் ஓடட்டும், சரி. சமையலறையில் ஒருத்தி காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது ஏன் ஆடுகிறது? ட்ரைபாடில் வைத்து அப்படியே விடுங்கள். ஃப்ரேமின் ஓரத்தில் வாசல் கதவு ஒரு சாண் திறந்திருக்கட்டும். அவளை யாரும் பார்க்க மாட்டார்கள், கதவைத்தான் பார்ப்பார்கள். 1931-ல் ஜெர்மன் இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' படத்தில் குழந்தை கொல்லப்படுவதைக் காட்டவே இல்லை. அம்மா பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஆளில்லாத மாடிப்படி, சாப்பாட்டு மேஜையில் காலித் தட்டு, உருண்டு வந்து நிற்கும் பந்து, கம்பியில் சிக்கிய பலூன். கேமரா எங்கேயும் பதறவில்லை, நமக்குத்தான் அடிவயிறு கலங்குகிறது.

ஆடியோவை ஆட்டோவில் விடுவது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் படத்தின் ஆரம்பம் இது: கடலூர் முதுநகர் துறைமுகம், விடியற்காலை மூன்று மணி. வலை பின்னும் கூடத்துக்குள் ஒருவன் ஒளிந்திருக்கிறான். ஒரு விசைப்படகின் என்ஜின் சத்தம் நெருங்கி வந்து, சட்டென்று நிற்கிறது. ஐந்து நொடி நிசப்தம். பிறகு தகரக் கதவில் மூன்று தட்டு. தாளில் படித்தவர்களுக்கே புல்லரித்தது. கேமராவில் மைக்கைச் செருகி, ஒலிப்பதிவு லெவலை கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆட்டோவில் விட்டு எடுத்தோம். "சவுண்ட எடிட்ல பார்த்துக்கலாம்ணே" என்று கேமராமேனிடம் சொன்ன புண்ணியவான் நானேதான்.

ஆட்டோவின் வேலை என்ன? சத்தம் குறைந்தால் கெயினை, அதாவது மைக் வாங்கும் சத்தத்தைப் பெருக்கும் அளவை, ஏற்றும்; கூடினால் அமுக்கும். என்ஜின் நின்றதும் அது கடமையாக ஏற்ற ஆரம்பித்தது. முதலில் 'ஸ்ஸ்' என்று இரைச்சல், பிறகு எங்கோ ஒரு நாய், அப்புறம் அசிஸ்டென்ட் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட். என் ஐந்து நொடி நிசப்தம் சட்டியில் எண்ணெய் காய்வதுபோல இரைந்தது. முதல் தட்டு விழுந்ததும் மிரண்டுபோய் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் தலையணையில் குத்தியது மாதிரி கேட்டன.

இரைச்சலை வெட்டிப் பார்த்தேன். அப்போது காது அடைத்ததுபோல ஒரு ஓட்டை. ஸ்பீக்கர் போய்விட்டதா என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஓட்டையை அடைக்க அதே இடத்தின் வெறும் ஆம்பியன்ஸ், அதாவது யாரும் பேசாதபோது அங்கே இருக்கும் சத்தம், வேண்டும். நாங்கள் ஒரு நொடிகூட எடுத்துவைக்கவில்லை. சரி, போய் எடுப்போம், என்ஜினையும் சேர்த்து எடுப்போம் என்று ரெக்கார்டரோடு போனால், ஏப்ரல் 15 தாண்டிவிட்டது. மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. "என்ஜின் சத்தமா? ஜூன் மாசம் வா தம்பி" என்றார் வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர். படத்தை அனுப்பவிருந்த போட்டிக்குக் கடைசித் தேதி மே மாதம். கடைசியில் எங்கிருந்தோ இறக்கிய உறுமலைப் போட்டு மூடினேன்.

மெனுவில் லெவலை மேனுவலுக்கு மாற்றுங்கள். காட்சியிலேயே பெரிய சத்தம் எதுவோ, அதை ஒருமுறை செய்து பார்த்து, மீட்டரில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி (பூஜ்யத்தைத் தாண்டினால் சத்தம் உடைந்துவிடும்) வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அமைதி சின்னதாகவே பதிவாகட்டும். பேக்கப் சொல்லி ஷூட்டிங்கை முடிப்பதற்கு முன்னால், எல்லோரையும் நின்ற இடத்திலேயே நிற்கவைத்து ஒரு நிமிடம் வெறும் சத்தத்தைப் பதியுங்கள். யாராவது ஒருவனுக்குச் சிரிப்பு வரும். அவனை டீ வாங்க அனுப்பிவிடுங்கள்.

கொலைகாரன் முகம்

முதலிலேயே காட்டாதீர்கள். எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) சிவாஜி சுடப்பட்டுச் சாவதில்தான் தொடங்குகிறது. சுட்டது யார் என்பதற்குத்தான் மீதிப் படம், அதுவும் பாட்டே இல்லாமல்.

பூனைக்கு 'டொம்'

பூனை குறுக்கே பாய்வதற்கெல்லாம் 'டொம்' என்று ஒரு சத்தம் போட்டுப் பயமுறுத்துவது. இன்னுமா?

ஹெட்ஃபோனை நம்புவது

அந்த உறுமல் ஹெட்ஃபோனில் நெஞ்சை அதிரவைக்கும். ஆனால் உங்கள் படத்தைப் பாதிப் பேர் ஃபோனில்தான் பார்க்கப்போகிறார்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிக்குரல் சத்தமெல்லாம் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அநேகமாகக் காணாமல் போய்விடும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து ஃபோனிலேயே போட்டுப் பாருங்கள். நான் அப்படித்தான் பார்த்தேன். வழியில் வரும் கன்னியக்கோயில் வரைக்கும் எனக்குக் கேட்டது கண்டக்டர் விசில் மட்டும்தான்.