ஐந்து வரை வீட்டில், ஆறிலிருந்து அரசுப் பள்ளியில்

என் மூத்தவள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. இளையவன் ஐந்தாம் வகுப்புப் பாடம் முடிக்கும்வரை வீட்டில்தான் படித்தான். இப்போது அவனும் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. ஒரே வீட்டில் இரண்டையும் பார்த்தவள் என்பதால், எங்கள் ஊரான திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாலும் அதன் அம்மா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறாள். "வீட்டுலயே வச்சுச் சொல்லிக் குடுத்திரலாமாக்கா?" என்பதுதான் கேள்வி. ஆளுக்கு ஒரு தடவை சொல்வதைவிட எழுதி வைப்பது மேல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் இருந்தால் தொடக்க வகுப்புகளுக்கு வீடு சரிப்படும். ஆறாம் வகுப்புக்கு மேல், நம்மைப் போன்ற வருமானக்காரர்கள் அரசுப் பள்ளியை விடுவது நஷ்டம். ஏன் என்று கீழே கணக்கோடு வருகிறது.

காலை பத்து மணிக்கு வீட்டில் யார்?

பள்ளிக்கூடத்தில் என்ன குறை என்று பட்டியல் போடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை, வேறு வேலை இல்லாமல் பிள்ளை பக்கத்தில் உட்கார ஒரு பெரிய ஆள் வீட்டில் உண்டா? மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் அம்மாக்கள் நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லலாம், வகுத்தல் சொல்லித்தர முடியாது. வீட்டில் இருப்பது வேறு, கை சும்மா இருப்பது வேறு.

நான் தையல் வேலை செய்கிறேன். மதியம் வரை மிஷின் மூடியைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். தீபாவளிக்கு முந்தின மாதம் வந்த ஜாக்கெட் துணியில் பாதியைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. வீட்டில் படித்தால் செலவே இல்லை என்கிறவர்கள் இந்தப் பாதியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டாவது, பிள்ளையை ஏன் நிறுத்துகிறீர்கள் என்பது உங்களுக்கே தெளிவாக இருக்க வேண்டும். என் மகனுக்குத் திக்கும். அவன் போய்க்கொண்டிருந்த தனியார் நர்சரிப் பள்ளியில், பதில் சொல்லி முடிக்கும் வரை அவனை நிற்கவைத்து மற்ற பிள்ளைகளைச் சிரிக்கவிட்டார்கள். அதனால் நிறுத்தினேன். "வேன் கட்டணம் அதிகம்", "ஆங்கிலம் சரியாக வரவில்லை" என்பதெல்லாம் பள்ளியை மாற்றுவதற்கான காரணம். வீட்டில் வைப்பதற்கு அது போதாது.

அரசுப் பள்ளி கையில் தருவது

காமராஜர் 1956-ல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-ல் விரிவாக்கிய சத்துணவும் எல்லோருக்கும் தெரியும். 2022 செப்டம்பரில் வந்த காலை உணவுத் திட்டத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கிடைக்கிறது. விடியுமுன் வயலுக்கோ வேலைக்கோ போகிற வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதோடு புத்தகம், நோட்டு, சீருடை, செருப்பு, பஸ் பாஸ். மகன் வீட்டில் படித்தபோது இருவரும் டவுன் பஸ்ஸில் ஏறினால் எனக்கு இலவசம், அவனுக்கு அரை டிக்கெட். பள்ளியில் படிக்காத பிள்ளைக்குப் பாஸ் ஏது?

இதெல்லாம் சின்னக் கணக்கு. பெரிய கணக்கு ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அதைக் கொடுத்தார்கள். கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. இவையும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாய் என்றுதான் கேட்கின்றன. ஒன்றிலிருந்து ஐந்து வரை எங்கே இருந்தாய் என்று கேட்பதில்லை.

நான் வழி கண்டது இங்கேதான். ஐந்து வரை வீட்டில் வைத்தாலும் இந்த உரிமைகள் போகாது. ஏழில் சேர்த்தால் போய்விடும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 சதவீத முன்னுரிமை மட்டும் வேறு. அதற்குப் பொதுவாக ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்று சான்று கேட்பார்கள். அது முக்கியம் என்று நினைக்கும் வீடு, பிள்ளையை முதல் நாளே பள்ளியில் போட்டுவிடுவது நல்லது.

வீட்டு வகுப்பை நடத்துவது

பாடப் புத்தகத்தை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லா வகுப்புப் புத்தகமும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நான் மூத்தவளின் பழைய புத்தகங்களையே வைத்துக்கொண்டேன். அரசுப் பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்காரவைப்பார்கள். அந்த யோசனை வீட்டுக்கும் பொருந்தும். என் மகன் கணக்கில் இரண்டு வகுப்பு முன்னால் இருந்தான், எழுதுவதில் ஒரு வகுப்பு பின்னால். வீட்டில் இரண்டையும் அதனதன் இடத்திலிருந்து தொடங்க முடிந்தது. நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் டீச்சரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

பின்னம் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன். அத்தை காலத்துப் பித்தளைப் படியும் உழக்கும் ஆழாக்கும் பரணில் கிடந்தன. புளி போட்டு விளக்கி எடுத்து, தரையில் பேப்பர் விரித்து, இட்லி அரிசியை அவன் கையில் கொடுத்தேன். ஆழாக்கால் அளந்து அளந்து படியில் போட்டான். எட்டாவது ஆழாக்கில் படி நிறைந்தது. அப்புறம் உழக்கால் போட்டான், நாலில் நிறைந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பம் ரெண்டு ஆழாக்குதான் ஒரு உழக்கு. எட்டுல ரெண்டுன்னாலும் நாலுல ஒண்ணுன்னாலும் ஒண்ணுதான?" என்றான், ஒரு திக்கல் இல்லாமல். அதற்கு மேல் நோட்டில் சுருக்குவது எல்லாம் ஒரு வேலையே இல்லை. அரிசியில் பாதி தரையில் கிடந்தது, அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

திக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. பாடும்போது பெரும்பாலும் திக்காது. செய்யுளை ராகம் போட்டே படிக்கவிட்டேன், பிறகு ராகத்தை மெல்லக் குறைத்தோம். கூடவே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சியும் போனது. வீட்டு வைத்தியம் மட்டும் போதும் என்று யாரும் இருந்துவிட வேண்டாம்.

வெளியே போகும் வகுப்புக்கு நம் பக்கம் குறைச்சல் இல்லை. ஜூனில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்ததும் கன்னடியன் கால்வாய் ஓரம் நின்று, ஒரு வேப்பிலையைப் போட்டு, இருபது அடி போக எத்தனை நொடி என்று எண்ணலாம். வேகம் என்றால் என்ன என்பது அங்கேயே முடிந்தது. (பெரிய ஆள் இல்லாமல் கால்வாய்ப் பக்கம் அனுப்பாதீர்கள்.) கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் அருங்காட்சியகம். கொஞ்சம் தள்ளிப் போனால் ஆதிச்சநல்லூர், குளிர்காலத்தில் கூந்தன்குளம் பறவைகள். இங்கெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு தடவை வரிசையில் போய் வருவார்கள். வீட்டுப் பிள்ளை ஒரே இடத்தில் அரை நாள் நிற்கலாம். அடுத்த தெருவில் கோரைப் பாய் நெய்யும் அம்மா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கோரையைக் கிழிக்கக் கற்றுக்கொடுத்தார். நூல் கணக்கு அவனுக்கு அங்கே வந்ததுதான்.

வீட்டில் கிடைக்காதது

சாயங்காலம் தெருவில் கிரிக்கெட் ஆட ஆள் உண்டு, அதனால் நட்புக்குக் குறை இல்லை என்று நானும் சொல்லலாம். ஆனால் நம் ஊர்த் தெரு எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். ஒரு தெருவில் ஒரே சாதி ஆட்கள்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பின் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். சாதியைக் காட்டும் கையில் கட்டும் கயிறுகூட வேண்டாம் என்று 2024-ல் அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு "இந்தப் பள்ளிக்கூடமே வேண்டாம்" என்று சொன்ன பெற்றோர் எனக்குத் தெரியும். பயம் நியாயம்தான். ஆனால் வீட்டிலேயே வளரும் பிள்ளை தன் தெருவை மட்டும்தான் பார்க்கும். இரண்டு தெருப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் கை வைக்க இந்த மாவட்டத்தில் பள்ளியை விட்டால் வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. மூத்தவளுக்கு அது கிடைத்தது. இளையவனுக்கு ஆறில்தான் கிடைத்தது.

அப்புறம் சொந்தக்காரர்கள். அத்தை தினமும், "ஏட்டி, பிள்ளைய மாடு மேய்க்க விடப் போறியா?" என்பார். பதில் சொல்லாதீர்கள். நோட்டை எடுத்துக் காட்டுங்கள்.

சட்டமும் கணக்கெடுப்பும்

2009 கல்வி உரிமைச் சட்டத்தில் ஆறு முதல் பதினாலு வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றே இருக்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியப் பயிற்றுநர்கள் வீட்டுக்கு வருவார்கள். ஒளித்துவைக்க வேண்டாம். தேதி போட்ட நோட்டு, படித்து முடித்த புத்தகம், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்திருங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் அவனை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எப்பம் சேக்கப் போறீங்கம்மா?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஆறுக்கு மேலும் வீட்டில்தான் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு வழி அடைந்துவிடவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினாலு வயது முடிந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதியலாம். ஏப்ரல், அக்டோபர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு, தமிழிலும் எழுதலாம். மாநில அரசின் எட்டாம் வகுப்புத் தேர்வைப் பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் தனித்தேர்வராக எழுதலாம். பத்துக்குத் தனித்தேர்வராகப் போனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிய வேண்டும், பலர் கோட்டை விடுவது அதில்தான். எந்த வழியானாலும் மேலே சொன்ன 7.5 சதவீதம் கிடையாது. அதோடு, பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த என்னால் ஐந்தாம் வகுப்பு அறிவியலை ஜமாய்க்க முடிந்தது. எட்டாம் வகுப்பு இயற்கணிதத்துக்கு டியூஷன் தேட வேண்டும். அப்படியானால் பள்ளியே போதுமே.

ஆறில் சேர்க்கும்போது

மே மாதமே போய் நில்லுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல் கையில் இருக்கட்டும். நான் முதலில் போன பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க முடியாது என்றார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, பள்ளியே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. சண்டை போடாமல், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதி, நகலில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துக் கேட்டதும் பேச்சு மாறியது.

சேர்ந்ததும் இஎம்ஐஎஸ் எண் (கல்வித் துறைக் கணினிப் பதிவில் பிள்ளைக்குத் தரும் எண்) போட்டுவிட்டார்களா என்று ஒரு வாரத்துக்குள் கேளுங்கள். பெயர் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னால் திருத்துவது பெரிய அலைச்சல். இன்னொன்று, பாளையங்கோட்டையில் பேர்பெற்ற பள்ளிகள் பல அரசு உதவி பெறுபவை. அவற்றில் படித்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு வராது. மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்கள் உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழிக்கும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் தேர்ந்தெடுங்கள்.

பிள்ளையைத் தயார்படுத்த கடைசி மூன்று மாதம் போதும். பாடம் இல்லை, பழக்கம்தான் விஷயம். கரும்பலகையைப் பார்த்துப் பார்த்து எழுதும் வேகம் வீட்டுப் பிள்ளைக்கு வராது. சுவரில் ஒரு அட்டையை மாட்டி, தள்ளி உட்காரவைத்து எழுதவிடுங்கள். முக்கால் மணி நேரம் எழுந்திருக்காமல் உட்காரட்டும். சாப்பாட்டை இருபது நிமிஷத்தில் முடிக்கட்டும். திக்குகிற பிள்ளை என்றால் வகுப்பு டீச்சரிடம் முதல் நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள்: வாசிக்கச் சொல்லுங்கள், ஆனால் அவன் சொல்லை நீங்கள் எடுத்து முடிக்காதீர்கள் என்று. எங்களுக்கு வாய்த்த டீச்சர் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டார், மற்றப் பாட ஆசிரியர்களும் பார்க்கட்டும் என்று.