மானிட்டர் வாங்குவதற்கு முன்: பெயரைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

‘எல்இடி மானிட்டர்’ என்று அட்டைப்பெட்டியில் பார்த்ததும், எல்சிடியை ஓரங்கட்டிவிட்டு வந்த புதுத் தொழில்நுட்பம் என்று நினைத்துக்கொள்கிறோம். அதுவும் எல்சிடிதான். திரைக்குப் பின்னால் வெளிச்சம் தந்த மெல்லிய ஃபுளோரசன்ட் குழல்களை எடுத்துவிட்டு எல்இடி விளக்குகளை வைத்தார்கள், அவ்வளவே. கேட்க வேண்டிய கேள்வி, முன்னால் இருக்கும் பேனல், அதாவது படத்தை உருவாக்கும் தகடு, எந்த வகை என்பது.

டிஎன் பேனல் பழையது, வேகமானது. சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தாலே நிறம் வெளிறிவிடும். ஐபிஎஸ் பேனலை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. ஆனால் அதன் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி வித்தியாசம், பொதுவாக 1000:1 அளவில்தான் நிற்கும். அறை விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ பேனலில் இது 3000:1 வரையோ அதற்கு மேலோ போகும். இருண்ட காட்சி வேகமாக நகரும்போது மட்டும் நிழல் இழுத்துக்கொண்டு வரும்.

சரி, எல்லாவற்றிலும் புதியதான ஓஎல்இடியையே வாங்கிவிடலாமே? படம் பார்க்கவும் விளையாடவும் தாராளமாக வாங்கலாம். அதில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. கறுப்பு என்றால் பிக்சல் அணைந்துவிடுகிறது. ஆனால் நாள் முழுக்கக் கணக்கும் கடிதமும் தட்டுபவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். திரையின் அடியில் அசையாமல் நிற்கும் பட்டை, மாதங்கள் போகப்போக அங்கேயே தழும்பாகத் தங்கிவிடக்கூடும். உத்தரவாதத்தில் இந்தத் தழும்பு அடங்குமா என்று கேட்காமல் வாங்குவது பெருந்தவறு. உள்ளே வண்ணப் புள்ளிகள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தால், பல ஓஎல்இடி திரைகளில் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கோடும் தெரியும். எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அது உறுத்தல்.

பழைய பெட்டி மானிட்டரை (சிஆர்டி) தேடிப்பிடிக்கும் விளையாட்டுப் பிரியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பைத்தியக்காரர்கள் அல்லர். அசையும் காட்சி அதில் உண்மையிலேயே துல்லியம். அன்றாட வேலைக்கு அது ஒத்துவராது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம்.

பெரிய திரை என்றால் தெளிவு கூடும் என்பதும் தவறான கணக்கு. 1920×1080 பிக்சல்களை 27 அங்குலத்தில் விரித்தால் அங்குலத்துக்குச் சுமார் 82 பிக்சல்தான். எழுத்தின் விளிம்பு படிக்கட்டாகத் தெரியும். அதே அளவில் 2560×1440 என்றால் சுமார் 109. 4கே, அதாவது 3840×2160 என்றால் 163. இங்கே எழுத்து மிகச் சிறிதாகிவிடுவதால் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும், அப்போது சில பழைய மென்பொருள்கள் மங்கலாகத் தெரியும்.

முதன்முதலில் 4கே திரை வாங்கியபோது, மவுஸ் அம்புக்குறி தள்ளாடித் தள்ளாடி நகர்ந்தது. இரண்டு நாள் மானிட்டரைத் திட்டினேன். குற்றவாளி என் பழைய கணினி: மானிட்டரை இணைக்க அதிலிருந்த எச்டிஎம்ஐ இணைப்பு பழைய 1.4 பதிப்பு. அதன் வழியாக 4கே படம் விநாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும். 60 வேண்டுமென்றால் குறைந்தது எச்டிஎம்ஐ 2.0 தேவை.

‘1 மில்லிவிநாடி’ என்பதையும் ‘எச்டிஆர் 400’ என்பதையும் பார்த்து மயங்க வேண்டாம். முதலாவது, பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம்; நிறுவனம் தனக்குச் சாதகமான அமைப்பில் அளந்த எண்ணாக இருக்கலாம். இரண்டாவது, வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் எச்டிஆர் வசதிக்கான தரவரிசையின் கீழ்ப்படி. பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி இல்லாமலே அந்த முத்திரை பெற்ற திரைகள் ஏராளம்.

கடைசியாக, தாங்கியைப் பாருங்கள். உயரம் மாற்ற முடியாததாக இருந்தால், முதுகில் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகளாவது இருக்கட்டும். பிறகு வேறு தாங்கி மாட்டிக்கொள்ளலாம்.