தகப்பன் குடிகாரன் என்றால் மகனுமா? பரம்பரைக் கணக்கில் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசும்போது சாதகத்துக்கு அடுத்தபடியாக விசாரிப்பது, மாப்பிள்ளையின் தகப்பன் குடிப்பாரா என்பதைத்தான். கேள்வியில் பிழையில்லை. பதிலை வைத்துப் போடும் கணக்குத்தான் பிழைக்கிறது.

மதுசாரத்துக்கு அடிமையாவதில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ 50 வீதம் என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. உடனே, குடிகாரரின் பிள்ளைகளில் பாதிப்பேர் குடிகாரர் ஆவார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு சமூகத்தில் ஆளுக்காள் இருக்கும் வேறுபாட்டில் பரம்பரையால் வருவது எவ்வளவு என்பதே அந்த 50. தனி ஆளுக்கு அது பொருந்தாது. 1973இல் மனநல மருத்துவர் டொனால்ட் குட்வின் குழுவினர் வெளியிட்ட டென்மார்க் ஆய்வில், குடிநோயாளருக்குப் பிறந்து, சிறு குழந்தையாகவே தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்களில் 18 வீதமானோர் குடிநோயாளர் ஆனார்கள். மற்றத் தத்துப்பிள்ளைகளில் 5 வீதம். ஏறக்குறைய நாலு மடங்கு, சும்மா தள்ளிவிட முடியாத வித்தியாசம். ஆனால் அதே 18க்குப் பக்கத்தில் 82 வீதம் பேர் அப்படி ஆகவில்லை. தரகர் அதைச் சொல்லமாட்டார்.

இன்னும் மோசமான பிழை, "எவ்வளவு குடிச்சாலும் பெடியன் ஆடமாட்டான்" என்று பெருமைப்படுவது. கலிபோர்னியாவில் மனநல ஆய்வாளர் மார்க் ஷக்கிட் இருபது வயதளவு ஆண்களுக்கு அளந்த மதுசாரம் கொடுத்து, உடல் தள்ளாடுவதையும் வெறி ஏறுவதையும் குறித்துவைத்தார். சுமார் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அன்று குறைவாக ஆடியவர்களே குடிநோய்க்கு அதிகம் ஆளாகியிருந்தார்கள். போதும் என்று உடம்பு சொல்வது பிந்துகிறது. இரண்டு கிளாஸில் வரவேண்டியது நாலில் வருகிறது. மூளை அந்த நாலுக்குப் பழகுகிறது. இந்தத் தாங்குதிறனிலும் பரம்பரைக்குப் பங்குண்டு. தகப்பனும் குடிநோயாளர், மகனும் ஆடாதவர் என்றால் கவலைப்பட வேண்டிய இடம் அதுதான்.

"குடிகாரப் பரம்பரையலகு" (ஜீன்) என்று ஒன்றைத் தேடுவதும் வீண். 1990இல், மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற இரசாயனத்தைப் பிடிக்கும் வாங்கியின் டிஆர்டி2 அலகுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டத்துக்குக் காரணமான மாற்றம் உண்மையில் பக்கத்து வீட்டில், ஏஎன்கேகே1 என்ற அலகுக்குள், இருக்கிறது என்று 2004இல் தெரிந்தது. 2019இல் 12 இலட்சம் பேரில் செய்த ஆய்வு, புகைத்தலோடும் குடியோடும் தொடர்புடைய 566 மாற்றங்களைக் காட்டியது, ஒவ்வொன்றும் இம்மியளவு. அவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்தத் தரவை வைத்து, உமிழ்நீரில் பரம்பரையலகுகளைப் பார்க்கும் பரிசோதனை யாழ்ப்பாணத்துப் பெடியனுக்குச் சொல்லும் ஆபத்துப் புள்ளியை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

கடைசிப் பிழை உயிரோடு விளையாடுவது. தினமும் நிறையக் குடிப்பவர் நல்லூர்க் கொடியேற்றத்தன்று சத்தியம் செய்து சட்டென்று நிறுத்துவார். 6 முதல் 24 மணிநேரத்துக்குள் கை நடுங்கும், 48 மணிநேரத்துக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாளளவில் சுவரில் பூச்சி ஊருது என்பார். பேய் பிடித்ததென்று நூல் கட்ட ஓடுகிறார்கள். நிறுத்த முன்னரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தயமின் (விற்றமின் பி1) ஊசியும் நடுக்கத்துக்கு மருந்தும் அங்கே கொடுப்பார்கள். தகப்பனின் கதையைப் பிறகு சொல்லலாம். வைத்தியருக்கு முதலில் வேண்டியது ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு என்பதுதான்.