ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கும்போது இரண்டு விரல் சோதனை

ஸ்போர்ட்ஸ் பிராவைப் போட்டுப் பார்க்கும்போது, மார்புக்குக் கீழே வரும் பட்டைக்குள் இரண்டு விரல்களை நுழைத்துப் பாருங்கள். அதற்கு மேலும் தளர்ந்தால் சிறிய அளவு, விரலே நுழையாவிட்டால் பெரிய அளவு எடுங்கள். தாங்கும் வேலையில் பெரும்பங்கு தோள்வாருக்கு அல்ல, அந்தக் கீழ்ப்பட்டைக்குத்தான். இறுக்கமாக அணிந்தால் மார்பு சிறுத்துவிடும், வளர்ச்சி நின்றுவிடும் என்று பெண் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள், அது உண்மையில்லை. அளவைத் தீர்மானிப்பவை மரபும் ஹார்மோன்களும் உடல் கொழுப்பும். ஓடும்போது ஏற்படும் குலுக்கத்தையும் வலியையும் குறைப்பதுதான் பிராவின் வேலை. அழுத்திப் பிடிப்பதால் அணிந்திருக்கும்வரை சிறிதாகத் தெரியும், அவ்வளவுதான். யோகாவுக்கும் நடைப்பயிற்சிக்கும் இத்தனை பிடிப்பு தேவையில்லை. பாலூட்டும் தாய்மார்கள் இறுக்கமானதைத் தவிர்க்க வேண்டும்; பால் கட்டிக்கொள்ளக்கூடும்.