நாற்பத்தேழு வயதில் தொழில் மாற்றுவது எப்படி

கோவையில் ஒரு நூற்பாலையில் 22 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தேன். இப்போது மரச்செக்கு ஆட்டுகிறேன்.

மாற நினைப்பவர்கள் உடனே வேலையை விட்டுவிடாதீர்கள். நான் ஆறு மாதம் ஞாயிறுதோறும் ஒரு செக்குக்காரரிடம் போய் நின்றேன். எள் எவ்வளவு காய வேண்டும், கருப்பட்டியை எப்போது போட வேண்டும் என்பதெல்லாம் கை பழகினால்தான் பிடிபடும். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ எள் வேண்டும். அதிலிருந்து விலையைப் போடுங்கள், பிண்ணாக்கு விற்கும் காசையும் வரவில் சேருங்கள்.

விலகும்போது பணிக்கொடையைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், அது உழைத்தவர் உரிமை. வருங்கால வைப்புநிதியை (பி.எஃப்.) மட்டும் தொடாதீர்கள். மகள் படிப்புக்கு அதுதான் என்று என் மனைவி உறுதியாக நின்றாள். அவள் சொன்னதே சரி.

உணவுப் பாதுகாப்புப் பதிவு முடியும்வரை ஒரு பாட்டில்கூட விற்காதீர்கள்.

பழைய வேலையும் கைகொடுக்கும். செக்கில் பேரிங் சத்தம் மாறினால் நானே கழற்றிவிடுகிறேன்.